மாப்பிள்ளை கழட்டிக்கிட்டுப் போன சிலிண்டர்

உக்காரு தாயி. நின்னுக்கிட்டே அழுதா தலை சுத்தும், அப்புறம் உனக்கும் ஒரு கட்டில் தேடணும். இங்கிட்டுத் தள்ளி உக்காரு, ஃபேன் காத்து இந்த முனைக்குத்தான் வரும். பத்து மாசமா இந்த வராண்டாவுக்கு வந்து போறேன்ல, எந்த ஃபேன் சுத்தும் எந்த ஃபேன் சும்மா தொங்கும்னு எனக்குத் தெரியும்.

நான் ஒட்டுக்கேக்கலம்மா. தப்பா நெனச்சுக்காத. அந்த வார்டுக் கதவு சாத்தாது, உன் வீட்டுக்காரர் குரலும் அப்படி. முந்தாநாள் வரைக்கும் தொண்டையில குழாய் கெடந்த ஆளு இம்புட்டுக் கரகரப்புலயும் கத்துறாருன்னா நெஞ்சு தேறிருச்சுன்னு அர்த்தம். அதுக்கு நீ சந்தோசப்படணும். ஆனா அவரு கத்துன சேதி அப்படி. "தண்ணி தண்ணின்னு கேட்டேன், குடுக்காம நின்னு சிரிச்சா, இவள வெளிய போகச் சொல்லுங்க"ன்னு நர்ஸம்மாகிட்ட சொன்னாருல்ல? உனக்கு எப்படி இருந்திருக்கும்?

என்னது? அவரு மயக்கத்துல கெடந்தப்ப நீ உள்ளயே போகலயா? தெரியும் தாயி. உன்னைய விடலன்னும் தெரியும், கண்ணாடி வழியா ஒருவாட்டி எட்டிப் பாத்தேன்னும் சொல்லுவ. அதான் கூப்பிட்டு உக்கார வைக்கிறேன். நீ செஞ்சதே இல்லாத ஒண்ணுக்கு அவரு உன்னையத் திட்டுறாரு. அவரு பொய்யும் சொல்லல. ரெண்டும் ஒண்ணா எப்படி நடக்கும்னு கேப்ப. அத என்னைய மாதிரி ஒரு கிறுக்கன் வாயால கேட்டாத்தான் வெளங்கும்.

என் பேரு சௌந்தரபாண்டி. அரசு பஸ்ல கண்டக்டர். மதுரை தேனி ரூட்டு, இருபத்தாறு வருசம். இப்ப நெஞ்சு பத்தலன்னு டிப்போவுல ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்காங்க. நாற்காலியில உக்காந்து என்ன செய்வேன்னு கேக்காத, எனக்கும் தெரியாது. வியாழக்கிழமை ஆனா இங்க வந்துருவேன். கண்டக்டர் வாய் சும்மா இருக்காதுல்ல, அதனால நான் கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் சொல்லுவேன். நடுவுல நர்ஸம்மா கூப்பிட்டா நீ எந்திரிச்சுப் போயிரு, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

உன் கையில இருக்கிற சீட்டுல நாலு இங்கிலீஸ் எழுத்து போட்டிருக்கும் பாரு. ஏ.ஆர்.டி.எஸ். என் சீட்டுலயும் அதே நாலு எழுத்துதான். நுரையீரல் பூரா நீர் கோத்துக்கிட்டு, காத்துக்கு எடமில்லாமப் போயிரும்னு டாக்டர் சொன்னாரு. எங்க வீட்டுல அந்த நாலு எழுத்த வச்சுக்கிட்டு ஆளாளுக்கு என்னென்னமோ சொன்னாங்க. எங்க சித்தப்பா, அது ஏதோ பெரிய படிப்புன்னு நெனச்சு, டாக்டரோட பட்டம்னு சொல்லிட்டாரு.

எனக்கு எப்படி வந்துச்சுன்னா, திமிருல வந்துச்சு. தீபாவளிக் கூட்டம், ஸ்பெஷல் பஸ் மேல ஸ்பெஷல் பஸ். காய்ச்சல். எங்க வீட்டுக்காரி, தவமணின்னு பேரு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாங்கன்னு ஆறு நாளா சொன்னா. நான் மெடிக்கல்ல மாத்திரை வாங்கி முழுங்கிக்கிட்டு, "கண்டக்டர் உடம்புல காய்ச்சலெல்லாம் நிக்காது, கைகாட்டிட்டுப் போயிரும்"னு வசனம் பேசுனேன். ஏழாம் நாள் உசிலம்பட்டி தாண்டி மதுரைய பாத்து வந்துக்கிட்டு இருக்கோம். ஒரு அம்மா எறங்கிட்டாங்க. வண்டி கெளம்ப விசில வாயில வச்சேன். ஊதுறேன், சத்தம் வரல. மறுபடி ஊதுறேன், காத்தே வரல. டிரைவர் கண்ணாடியில பாக்குறாரு, நான் விசில வாயில வச்சுக்கிட்டு பச்சப்புள்ள மாதிரி முழிக்கிறேன். அதோட கம்பியப் புடிச்சபடியே சரிஞ்சுட்டேன்.

டிரைவர் என்ன செஞ்சாரு தெரியுமா? நூத்தியெட்டுக்கெல்லாம் காத்திருக்கல. பஸ்ஸோட கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பாட்டிட்டாரு. அம்பத்தெட்டு பேரு டிக்கெட் எடுத்துக்கிட்டு வந்து என்னைய அட்மிட் பண்ணிட்டுப் போயிருக்காங்க. அதுல பாதிப் பேர்கிட்ட அன்னைக்குக் காலையில சில்லறைக்குச் சண்ட போட்டிருப்பேன். ஒருத்தர்கூட முகஞ்சுளிக்கலன்னு தவமணி இன்னமும் சொல்லுவா.

அப்புறம் பதினேழு நாள். குழாய் சொருகி, மயக்கத்துல வச்சு, நெஞ்சுக்கு நல்லதுன்னு குப்புறப் போட்டு, மறுபடி திருப்பிப் போட்டு. நீங்க வெளிய நின்னுக்கிட்டு அவரு நிம்மதியாத் தூங்குறாருன்னு நெனப்பீங்க. எங்க தூங்குறது? நான் உள்ள டூட்டி பாத்துக்கிட்டு இருந்தேன். சத்தியமாம்மா. அந்த எடம் பூரா எனக்கு பஸ்ஸுதான். மிஷின் கத்துறது ஆரன். பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தவன் டிக்கெட் எடுக்காம தூங்குற மாதிரி நடிக்கிறான். குழாய எடுத்த அன்னைக்கு பெரிய டாக்டர் நாலு பேரோட வந்து நின்னாரு. நான் கைய நீட்டி "டிக்கெட் டிக்கெட்"னேன். கூட வந்த சின்ன டாக்டர் "நாங்க ஸ்டாஃப்புங்க"ன்னாரு. "ஸ்டாஃப்னா பாஸக் காட்டு"ன்னேன். பாவம், கழுத்துல கெடந்த அட்டைய எடுத்துக் காட்டுனாராம். நானும் பாத்துட்டு விட்டுட்டேனாம்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரி, பரவால்ல. இப்ப சொல்லப் போறதுக்குத்தான் நான் என்னையே செருப்பால அடிச்சுக்கணும்.

எனக்கு ஒரே தங்கச்சி, சந்தனமாரி. அவ வீட்டுக்காரர் பால்ச்சாமி, பழங்காநத்தத்துல வெல்டிங் பட்டறை வச்சிருக்காரு. என்னையவிடப் பத்து வயசு சின்னவரு, ஆனாலும் மாப்பிள்ளையாச்சே, வாங்க போங்கன்னுதான் பேசுவேன். நல்ல மனுசன். அதிகம் பேசமாட்டாரு. பேசுறதெல்லாம் நாந்தான். அவரு கேட்டுக்கிட்டு ஆமா இல்லன்னு தலையாட்டுவாரு, அம்புட்டுத்தான்.

அந்த மனுசன் ஐ.சி.யூ.வுக்குள்ள வந்தாரும்மா. நான் பாத்தேன். நீல லுங்கி, கரிபுடிச்ச பனியன், கையில ஸ்பேனரு. கூட ரெண்டு பேரு. என் கட்டில்கிட்ட வந்து, என் தலமாட்டுல நின்ன ஆக்சிஜன் சிலிண்டர தட்டிப் பாக்குறாரு. டங்குன்னு சத்தம் கேக்குது. "இதுல பாதிக்கு மேல இருக்கு, பட்டறைக்கு ஆகும்"னு சொல்றாரு. ஸ்பேனர வச்சு கழட்டுறாரு. நான் கத்துறேன், சத்தம் வரல. எனக்கு மூச்சு அடைக்குது. அவரு என்னையத் திரும்பிக்கூடப் பாக்காம சிலிண்டர உருட்டிக்கிட்டே போயி வேன்ல ஏத்திட்டுப் போறாரு. கேஸ் வெல்டிங்குக்கும் ஆக்சிஜன்தான்ல. அதனால எனக்கு அதுல ஒரு துளி சந்தேகமும் வரல.

கனவுன்னா காலையில மங்கிரும். இது மங்கல. அந்த ஸ்பேனர் சத்தம், அவரு பனியன்ல இருந்த ஓட்டை, எல்லாம் இந்தா உன்னையப் பாக்குற மாதிரி. தவமணி என் கல்யாண நாளக் கேட்டா எனக்கு மறந்து போகும். அந்த ஓட்டை வலது தோள்ல இருந்துச்சுன்னு மறக்காது.

வீட்டுக்கு வந்தேன். எப்படி வந்தேங்குற? சட்டை பொத்தான் போடத் தெரியல. சோத்தப் பெசஞ்சு வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள கை நடுங்குது. கக்கூசுக்குப் போயிட்டு வந்தா தேனி வரைக்கும் நடந்து போயிட்டு வந்த மாதிரி இளைப்பு. முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. கண்ண மூடுனா பஸ் ஓடுது. இதெல்லாம் வரும்னு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லல. இல்ல, சொல்லியிருப்பாங்க, நான் டிக்கெட் கேட்டுக்கிட்டு இருந்திருப்பேன். டிஸ்சார்ஜ் சீட்டுல பதினாலு மாத்திரை பேரும், ரெண்டு வாரம் கழிச்சு வரவும்னு ஒரு வரியும்தான் இருந்துச்சு.

அப்புறம் தகவலுக்குப் பஞ்சமில்ல போ. செல்லுல ஒருத்தர் மிளகு முழுங்குங்குறாரு. இன்னொருத்தர் தலகீழா நின்னா நுரையீரல் விரியுங்குறாரு. நான் நேரா நிக்கவே சுவரப் புடிக்கிறேன், இவரு தலகீழா நிக்கச் சொல்றாரு. எதிர்வீட்டு வாத்தியார் பலூன் ஊதச் சொல்லி ஒரு பாக்கெட் குடுத்தாரு. ஊதுனேன். ஒண்ணு எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துச்சு, அதோட நான் மயங்கிட்டேன். ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்து வாங்குன மூணு பந்து டப்பா ஒண்ணு இருக்கும், மூச்ச இழுத்தா பந்து மேல ஏறும், உன் வீட்டுக்காரருக்கும் எழுதிக் குடுப்பாங்க. எனக்கு ரெண்டு மாசம் ஒரு பந்து அசையல. அதையும் நான் ஒத்துக்கல, டப்பா பழுதுன்னு சொல்லி மருந்துக்கடையில போய் மாத்திக் கேட்டுச் சண்ட போட்டேன். கடைக்காரர் என் கண்ணு முன்னாடியே இழுத்துக் காமிச்சாரு. மூணு பந்தும் ஏறுச்சு.

இந்த லட்சணத்துல கெடக்கையில பால்ச்சாமி மாப்பிள்ள பாக்க வந்தாரு. ஆரஞ்சு வாங்கிக்கிட்டு. "எப்படி இருக்கு மச்சான்?"னு கேக்குறாரு. நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். மனசுக்குள்ள, இவரு சிலிண்டர வித்த காசுல ஆரஞ்சு வாங்கிட்டு வந்திருக்காருன்னு ஓடுது. அரை மணி நேரம் உக்காந்திருந்துட்டு, காப்பியக்கூட முழுசாக் குடிக்காமப் போயிட்டாரு. மறுவாரம் வந்தாரு. திரும்பிப் படுத்துக்கிட்டேன். அதுக்கு மறுவாரமும் வந்தாரு. வெக்கங்கெட்ட மனுசன்னு நெனச்சேன், சொல்லப்போனா.

ஆனா யார்கிட்டயும் காரணம் சொல்லல. சொன்னா தங்கச்சி வாழ்க்கை என்னாகும்னு பெரிய மனுசத்தனம் வேற. நெஞ்சுல வச்சுப் பூட்டிட்டதா நெனப்பு. நெஞ்சுல காத்துக்கே எடமில்ல, அதுல இத வேற வச்சிருந்தேன்.

தை மாசம் தங்கச்சியும் அவரும் தட்டுல வெத்தல பாக்கு, பழம் வச்சுக்கிட்டு வந்தாங்க. மக யாழினிக்குக் காது குத்து. அஞ்சு வயசு நடக்குது, மாசியில குலசாமி கோயில்ல வச்சு மொட்டை போட்டு குத்தணும். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். என் மடியில உக்கார வச்சுத்தான் ஆசாரி குத்தணும். உங்க பக்கமும் அப்படித்தானே? ம். தட்ட நீட்டுறா தங்கச்சி. பக்கத்துல நாலு சொந்தக்காரங்க, எதிர்வீட்டு வாத்தியார் எல்லாம் இருக்காங்க. மாப்பிள்ள என் கையப் புடிச்சு, "மச்சான், நீங்க நடந்து வர்ற வரைக்கும் தேதிய வேணா தள்ளிப்போடுறோம்"ங்குறாரு. எனக்கு அந்தக் கையப் பாத்ததும் ஸ்பேனர்தான் தெரியுது.

"என் மூச்சக் கழட்டிட்டுப் போன கையால வெத்தல குடுக்குறீங்களா? என் மடி உங்களுக்குக் கெடையாது"ன்னு கத்திட்டேன். அதுக்குமேல இளைப்பு வந்து பேச முடியல, இல்லன்னா இன்னும் பேசியிருப்பேன். தங்கச்சிக்கு ஒண்ணும் புரியல. தட்டோட அப்படியே நிக்கிறா. மாப்பிள்ள அவ கையில இருந்து தட்ட வாங்கி, அலமாரி மேல வச்சுட்டு, "மச்சானுக்கு இளைக்குது, ஃபேனப் போடுங்க"ன்னு தவமணிகிட்ட சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு.

காது குத்து நின்னு போச்சு. ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தன், நான் மடி குடுக்குறேன்னு முன்னுக்கு வந்திருக்கான். மாப்பிள்ள, "சௌந்தரபாண்டி மச்சான் மடியில்லாம என் மக காது குத்தமாட்டா"ன்னு சொல்லிட்டாராம். ஜூன்ல பள்ளிக்கூடம் சேத்துட்டாங்க. சேக்கையில எடுத்த குரூப் போட்டோவ தவமணி செல்லுல காமிச்சா. பொட்டப்புள்ளைக எல்லாம் கம்மல் போட்டுக்கிட்டு நிக்கிதுக. எங்க வீட்டுப் புள்ள மட்டும் வெறுங்காதோட. அதுவும் சிரிச்சுக்கிட்டுத்தான் நிக்கிது.

இரு, முன்னுக்குப் பின்னா சொல்லிட்டேன். போட்டோ வர்றதுக்கு முன்னாடியே எனக்கு உண்ம தெரிஞ்சு போச்சு. அது சித்திரையில. லிஃப்டுகிட்ட ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும் பாரு, ஐ.சி.யூ.வுல இருந்து வீட்டுக்குப் போனவங்களும் குடும்பமும் வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பிசியோ ரூமுக்கு வரலாம்னு. தவமணி அதப் படிச்சுட்டா. எனக்கு எதுக்குடி சங்கமெல்லாம், நான் என்ன அநாதையான்னேன். அவ என்ன செஞ்சா தெரியுமா? மறுவியாழக்கிழமை, லீவு சர்டிபிகேட்டுல ஒரு கையெழுத்து பாக்கி இருக்குன்னு பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சுட்டா.

அந்த ரூமுல எட்டு நாற்காலி. ரெபேக்கான்னு ஒரு பிசியோ அம்மா, உன் வயசுதான் இருக்கும். முதல்ல மூச்சு விடச் சொல்லிக் குடுக்குறாங்க. அம்பது வயசுல ஒருத்தன் மூச்சு விட ட்யூசன் போறான் பாரு. உதட்டக் குவிச்சு, மெதுவா. படியேறுறப்ப எப்ப இழுக்கணும், எப்ப விடணும். ஒரே நாள்ல எல்லா வேலையும் செய்யாத, பிரிச்சு வச்சுக்க. இதெல்லாம் செல்லுல ஒருத்தனும் சொல்லலையேன்னு இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரும் அவங்க கதையச் சொல்றாங்க. குளோரின்னு ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா சொல்றாங்க, "நர்ஸுங்க எல்லாம் ஒண்ணு சேந்து என் பட்டுப்புடவைய ஆட்டுரல்ல போட்டு ஆட்டுனாங்க. நான் கேஸ் குடுக்கணும்னு மூணு மாசம் வக்கீல் தேடுனேன்." எல்லாரும் சிரிக்கிறோம். அந்தம்மாவும் சிரிக்கிறாங்க. பக்கத்துல இளநி வியாபாரி ஒருத்தரு, அவரு சிரிக்கல. "என் மகன் என்னையக் கப்பல்ல வித்துட்டான். ரெண்டு மாசம் அவன் கையால சோறு வாங்கல. அவன்தான் எனக்குப் பீ மூத்தரம் அள்ளுனவன்"னு சொல்லிட்டுத் துண்டால மூஞ்சியப் பொத்திக்கிட்டாரு.

ரெபேக்கா அம்மா வெவரமாச் சொன்னாங்க. மயக்க மருந்து, காய்ச்சல், ஆக்சிஜன் கொறைச்சல், பகல் எது ராத்திரி எதுன்னு தெரியாத வெளிச்சம், எல்லாம் சேந்து மூளை கிடைச்சத வச்சு ஒரு கதையக் கட்டிக்கும். அது கனவு மாதிரி இருக்காது, நடந்தத விட நெசமா இருக்கும். பயித்தியமில்ல. நெறையப் பேருக்கு வரும். போகப் போக விடும், சில பேருக்கு மாசக்கணக்காகும். நம்ம பிரியமானவங்கதான் அதுல வில்லனா வருவாங்க, ஏன்னா மூளைக்குத் தெரிஞ்ச மொகம் அதுதான்னு சொன்னாங்க. அதக் கேளு தாயி. உன் வீட்டுக்காரர் உன்னையச் சொல்றாருன்னா, அவரு மூளையில மொத வரிசையில நீதான் உக்காந்திருக்க.

அதே ரூமுல ரெபேக்கா அம்மா தவமணியப் பாத்து, "நீங்க எப்படி இருக்கீங்கம்மா?"ன்னு கேட்டாங்க. அவ தண்ணி குடிச்சுட்டு வரேன்னு எந்திரிச்சுப் போயி அரை மணி நேரம் கழிச்சுத்தான் வந்தா. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. வெயில் காலம்ல, தாகமா இருந்திருக்கும். அவளுக்கெல்லாம் ஒண்ணும் வராது, நல்ல உரம்.

நான் அன்னைக்குத் திருந்திட்டேன்னு நெனக்கிறியா? அதான் இல்ல. நான் எந்திரிச்சு நின்னு, "உங்களுக்கெல்லாம் வந்தது பிரமை. எனக்கு நடந்தது நெசம். ஒரு ஆளு சிலிண்டரத் திருடிட்டுப் போனான், நான் கண்ணால பாத்தேன்"னு சொன்னேன். குளோரி டீச்சர் என்னையப் பாத்து, "நானும் மூணு மாசம் அப்படித்தான் சொன்னேன்"னாங்க. ரெபேக்கா அம்மா மட்டும் சிரிக்காம, "வாங்க அண்ணே, அந்த எடத்தப் போய் பாத்துட்டு வரலாம்"னு கூட்டிட்டுப் போனாங்க.

செருப்பக் கழட்டிட்டு உள்ள போனேன். அதே கட்டில். அதுல இப்ப வேற யாரோ. அங்க இருந்த சிஸ்டரம்மாகிட்ட, "இங்க தலமாட்டுல ஒரு சிலிண்டர் நின்னுச்சே?"ன்னு கேட்டேன். அவங்க சுவத்தக் காமிச்சாங்க. சுவத்துல ஒரு பித்தளைக் குழாய் வாய், அதுல இருந்து டியூபு. "இங்க சிலிண்டரே கெடையாதுய்யா. ஆக்சிஜன் சுவத்துக்குள்ளயே வருது. வெளிய பெரிய டேங்க் இருக்கு. அத யாரும் கழட்டித் தூக்கிட்டுப் போக முடியாது"ன்னாங்க. நான் சுவத்தத் தடவிப் பாத்தேன். சில்லுன்னு இருந்துச்சு. பதினேழு நாள் இதுதான் எனக்கு மூச்சு குடுத்திருக்கு, நான் இல்லாத சிலிண்டருக்கு அஞ்சு மாசமா எழவு கொட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

அதோட விட்டாங்களா? சிஸ்டரம்மா என்னைய உத்துப் பாத்துட்டு, "நீங்க அந்த வெல்டிங்காரரோட மச்சான்தானே? அவரு நல்லாருக்காரா?"ன்னு கேக்குறாங்க. பதினேழு நாளும் மாப்பிள்ள பட்டறையச் சாத்திட்டு இந்த வராண்டாவுலயே கெடந்திருக்காரு. உள்ள விடலம்மா, அவர ஒருநாள்கூட உள்ள விடல. கைக்கு வேல இல்லாம இருக்க முடியாத மனுசன். நீ உக்காந்திருக்கியே இந்தப் பெஞ்சு, கால் ஒடிஞ்சு கெடந்துச்சாம். வேன்ல ஏத்திட்டுப் போயி பட்டறையில பத்தவச்சு ஒட்டிக் கொண்டாந்து போட்டிருக்காரு. இந்தா, குனிஞ்சு பாரு, ஒட்டுன எடம் தையல் போட்ட மாதிரி தெரியுதா? அவரு இந்த ஆஸ்பத்திரியில இருந்து கழட்டிக்கிட்டுப் போனது இது ஒண்ணுதான்.

அன்னைக்கு நான் இங்கனதான் உக்காந்து அழுதேன். வெக்கமா இருந்துச்சு. ரெம்ப வெக்கமா இருந்துச்சு.

அதனால நீ என்ன செய்யணும்னா, அவருகூட மல்லுக்கட்டாத. இல்ல இல்லன்னு சாதிச்சா அவருக்கு இன்னும் பயந்தான் கூடும். "நான் இங்கதான் இருக்கேன், வெளிய இத்தன நாளா நின்னேன்"னு மட்டும் சொல்லு. இன்னைக்கு என்ன கெழமைன்னு சொல்லு. கண்ணாடி போடுறவருன்னா மாட்டி விடு. நடந்தத நாள்வாரியா ஒரு நோட்டுல எழுதி வை, பின்னாடி அவரு கேப்பாரு. நர்ஸம்மாகிட்டயும் இப்படிப் பேசுறாருன்னு சொல்லு, அவங்களுக்குத் தெரியும். அப்புறம் வியாழக்கிழமை பதினொரு மணி. அவரு வரமாட்டேன்னாலும் நீ வா.

வேற யாருக்கும் சொல்லியிருக்கேனான்னா? இந்தப் பெஞ்சுல உக்கார வச்சு நான் சொல்றதுல நீ முப்பத்தோராவது ஆளு. நெசமாத்தான், எண்ணிக்கிட்டு வர்றேன், கண்டக்டர் புத்தி. எல்லாரும் மனசு லேசாச்சுன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. ரெபேக்கா அம்மாகூட, நீங்க சொன்னா எடுபடுது அண்ணேன்னு சொல்லுவாங்க.

என்ன கேட்ட?

மாப்பிள்ள என்ன சொன்னாருன்னா?

அது... அவருகிட்ட இன்னும் சொல்லல தாயி.

அப்படிப் பாக்காத. சொல்லாம இல்ல, சொல்லணும்னுதான் இருக்கேன். சித்திரையில தெரிஞ்சுச்சு. வைகாசியில சொல்லலாம்னா எனக்கு மறுபடி சளி புடிச்சுருச்சு. அப்புறம் அவரு வீட்டுப் பக்கம் ஒரு கல்யாணம், அந்தக் கூட்டத்துல வச்சு எப்படிச் சொல்றது? ஆடியில நல்ல பேச்சு எடுக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன். இப்ப ஆவணி பொறந்து நாலு நாள் ஆச்சு. அவரும் ஒரு எட்டு வந்து கேட்டிருக்கலாம்ல? நாலு வாட்டி வந்தவரு அஞ்சாவது வாட்டி வந்தா என்ன? பெரியவன் நான். தாய்மாமன். நானா போயி நின்னா...

ஆமா. நீ சொல்றது சரிதான். முப்பது பேருகிட்ட சொன்னவன் ஒருத்தர்கிட்ட சொல்லல. முப்பது பேருகிட்டயும் சொல்லச் சொல்ல சிரிக்கிற கதையா ஆயிருச்சும்மா. அவருகிட்ட சொன்னா அது சிரிக்கிற கதையா இருக்காது. அதான் பயமா இருக்கு. அவரு தட்ட வாங்கி அலமாரி மேல வச்சுட்டு ஃபேனப் போடச் சொன்னாரு பாரு, அது இன்னமும் கண்ணுக்குள்ள நிக்கிது. அது மட்டும் பிரமை இல்ல.

செல்லா? எதுக்கு? இந்தா. பேரு "மாப்பிள்ளை வெல்டிங்"னு இருக்கும். இரும்மா, இப்பவேயா? வேல நேரம், பட்டறையில சத்தமா இருக்கும், அவருக்குக் கேக்காது. வேண்டாம்... போட்டுட்டியா? அடிப்பாவி மகளே, அடிக்குதே. நீ உன் புருசன்கிட்ட திட்டு வாங்குனதுக்கு என்னையப் பழி வாங்குறியா?

ஹலோ. மாப்பிள்ள... நாந்தான். சௌந்தர... ஆமா. ஆஸ்பத்திரியிலதான். வராண்டாவுல. இல்ல, இல்ல மாப்பிள்ள, அது வந்து... நான்... உங்ககிட்ட... அந்தப் பெஞ்சு...

...

வச்சுட்டாரு.

தண்ணி இருந்தா குடு தாயி. இல்ல, இளைப்பு இல்ல. அழுக வந்துருச்சு. நான் விக்குறது அவருக்கு இளைப்பு மாதிரி கேட்டிருக்கு. என்ன சொன்னாரு தெரியுமா? "பேசாதீங்க மச்சான், மூச்சு வாங்குது. அங்கனயே சாஞ்சு உக்காருங்க. உதட்டக் குவிச்சு மெதுவா விடுங்க. நான் வர்றேன்"ங்குறாரு. உதட்டக் குவிக்கச் சொல்றாரும்மா. அது அவருக்கு எப்படித் தெரியும்? தவமணிகிட்ட கேட்டிருப்பாரோ என்னமோ. நான் நல்லாருக்கேன்னு சொல்றதுக்குள்ள வச்சுட்டாரு. பின்னாடி வெல்டிங் நெருப்புச் சத்தம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு, அது சட்டுன்னு நின்னு போச்சு. போட்டது போட்டபடி கெளம்பிட்டாரு.

பழங்காநத்தத்துல இருந்து இங்க கால் மணி நேரம். பதறியடிச்சுக்கிட்டு வந்து நிப்பாரு. நான் நல்லா மூச்சு விட்டுக்கிட்டு இங்க உக்காந்திருப்பேன். இருபத்தாறு வருசம் பஸ்ல கத்துனவன், உனக்கு இம்புட்டு நேரம் புத்தி சொன்னவன். இப்ப ஒரு வார்த்த வரமாட்டேங்குது.

நீ எங்கயும் போயிராத தாயி. கிட்டயே இரு. அவரு அந்தப் படியேறி வந்ததும் நான் மொதல்ல என்ன சொல்லணும்? நீ சொல்லு.